அண்ணி கைக்குச் செய்த கொக்கி

மருத்துவமனை, மூன்றாம் மாடி
பிப்ரவரி 3

தம்பி,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். எடுக்காத போனுக்கு எத்தனை தடவைதான் அடிப்பது? "எழுதிப் போடு, படிச்சிட்டாவது திட்டுவான்" என்றார் உன் அண்ணன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கருவிகளைப் பரிசீலிக்கும் குழுவின் மீட்டிங்கில் நான் பேசியதை உன் காதில் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து உன் அண்ணன் வயிற்றில் ஒரு ரகசியமும் தங்கியதில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: "பட்டறை வேலையில சின்ன ஏற்ற இறக்கம் இருக்கலாம்." அது உன்னிடம் வந்து சேர்வதற்குள் ஒன்றுக்கு இரண்டாக வளர்ந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். கால் ரத்தக்குழாய் ஆபரேஷனுக்காக நீ செய்த நம் கொக்கியை வெளியே இரண்டு மருத்துவமனைகளுக்குக் கொடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே என் ஆபரேஷன் தியேட்டரில் இன்றுவரை ஒரு ரத்தக்குழாய்கூடக் கிழியவில்லை. அங்கே கிழிகிறது. பெரும்பாலும் சின்னக் கிழிசல்தான், உடனே தைத்துவிடுகிறார்கள். ஆனால் போன மாதம் ஒரு பஸ் டிரைவருக்குத் தைத்த இடம் அடைத்துக்கொண்டு, வலது பாதத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கொக்கி காப்பாற்றியிருக்க வேண்டிய பாதம் அது. அந்த அறிக்கையைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் கடைசியில் அந்தக் குழு மறுபடி கூடுகிறது. கிழிவதற்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் கொக்கியை நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை நிறுத்திய கருவியை அப்புறம் எந்த டாக்டரும் தொடமாட்டார். பெரிய மெஷின் வாங்க வழியில்லாத ஆஸ்பத்திரிகளில் கால் கருகி வருகிறவர்களுக்கு இதை விட்டால் வேறு சுலபமான வழி இல்லை என்று உனக்கே தெரியும். எனக்கு ஆகஸ்டில் ஓய்வு. இன்னொன்றை முதலிலிருந்து தொடங்க எனக்குக் காலம் இல்லை.

கடைசியாகச் செய்த கொக்கிகள் அத்தனையும் எனக்கு வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அனுப்பினாலும் பரவாயில்லை.

அண்ணி


பட்டறை
பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

கேட்ட கொக்கிகளைப் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். என் பட்டறையில் ஏற்ற இறக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அது என் கோபத்தில் மட்டும்தான். கம்பியில் கிடையாது.

போனை எடுக்காததற்குக் காரணம் சொல்கிறேன். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், கடைசியில் "சரி அண்ணி" என்று வைத்துவிடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான். எழுதினால் நடுவில் குறுக்கே பேச உங்களால் முடியாது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பாலிடெக்னிக் பையன். பாக்கெட்டில் எப்போதும் கம்பித் துண்டு கிடக்கும் என்று எனக்குக் 'கம்பி' என்று பெயர் வைத்தீர்கள். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு என் நிஜப் பெயர் தெரியாது. பிற்பாடு கடிகாரத்துக்கும் தையல் மிஷினுக்கும் ஸ்பிரிங் செய்து பிழைத்துக்கொண்டிருந்தவனைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, ஒரு ரப்பர் குழாயைக் காட்டிப் பாடம் நடத்தினீர்கள். அன்று நீங்கள் சொன்னது எனக்கு இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது.

"காலுக்கு ரத்தம் கொண்டு போற குழாய் அடைச்சுப் போச்சுன்னா கால் கருக ஆரம்பிக்கும். அதே கால்ல ரத்தத்தைத் திரும்ப மேல கொண்டு வர்ற சிரை நல்லாத்தான் இருக்கும். அதையே கீழ போற வழியா மாத்திடலாம். ஆனா உள்ள நெடுக ஒருவழிக் கதவு. மேல போக விடும், கீழ வர விடாது. கதவை மட்டும் வெட்டணும் கம்பி, சுவரைத் தொடவே கூடாது. அதுக்கு ஒண்ணு செஞ்சு குடு."

செய்து கொடுத்தேன். ஒரு பக்கம் கூர், மறுபக்கம் சுவரைக் காக்கிற மழுங்கிய விளிம்பு. உள்ளே விட்டு இழுக்கும்போதே மணிக்கட்டு கொஞ்சம் உருள வேண்டும். கூர் கதவைச் சந்திக்கும், விளிம்பு சுவர்ப்பக்கம் போய்விடும். இதைச் சரியாக்க எத்தனை கொக்கியை உடைத்தோம் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். பெரிய கம்பெனிக்காரன் வந்து கேட்டபோதுகூட, "அண்ணி கையில தேறாம எதுவும் வெளிய போகாது" என்று சொல்லி அனுப்பியவன் நான். அந்த அண்ணி பத்துப் பெரிய மனிதர்களுக்கு முன்னால் என் வேலையைச் சந்தேகப்பட்டால் எனக்கு வலிக்காதா?

வலித்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை எழுதினேன்.

கம்பி


மருத்துவமனை
பிப்ரவரி 17

தம்பி,

எல்லாக் கொக்கியையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நான் பார்த்தது போதாதென்று லேபிலும் பார்க்கச் சொன்னேன். ஒன்றுக்கொன்று முடியளவுகூட வித்தியாசம் இல்லை. மீட்டிங்கில் சொன்னதை எழுத்தில் வாபஸ் வாங்கிவிட்டேன். குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் அது போயிருக்கிறது. உனக்கு வலிக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அப்படியென்றால் கோளாறு கையில்தான். டிரைவரின் பாதத்தை எடுத்த மருத்துவமனையில் ரத்தக்குழாய் அறுவைத் துறைக்குத் தலைவர் ஒருவர் இருக்கிறார், பெரிய மீசைக்காரர். முகமூடி போட்டாலும் இரண்டு பக்கமும் வெளியே தெரியும். மனிதர் அவசரக்காரர் என்று கேள்வி. எப்படித்தான் இழுக்கிறார் என்று நேரில் போய்ப் பார்க்கப்போகிறேன்.

என் ஓர்ப்படியிடம் சொல், அவள் கணவனுக்குக் கோபம் தணிந்ததும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லி.

அண்ணி


பட்டறை
பிப்ரவரி 24

அண்ணி,

உங்கள் ஓர்ப்படி கடிதத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் படித்துவிட்டு, "எழுத்துல மன்னிப்பு வந்திருக்கு, சட்டம் போட்டு மாட்டுங்க" என்கிறாள். மாட்டவில்லை. ஆனால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மீசைக்காரரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். போன வாரம்வரை குற்றவாளிக் கூண்டில் நான் நின்றேன். நான் இறங்கியதும் அவரை ஏற்றப் பார்க்கிறீர்கள். வெளியே இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டிலும் கிழிகிறது. இரண்டு இடத்திலும் அவசரக்காரர்களா இருப்பார்கள்? உங்கள் தியேட்டரில் உங்களைத் தவிர உங்களிடம் படித்த பிள்ளைகளும்தான் இழுக்கிறார்கள். அதில் நேற்று வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஏன் கிழியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் கைராசி பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று உங்கள் நோயாளிகள் வேண்டுமானால் நம்புவார்கள். நான் நம்பமாட்டேன்.

இங்கே நான் வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. எடுத்தாலும் கை ஓடாது. அந்த டிரைவரின் பாதம் கண் முன்னால் வந்து நிற்கிறது. அவர் எந்த வண்டி ஓட்டினாரோ, தெரியாது. ரோட்டில் பஸ் போகும்போதெல்லாம் டிரைவர் சீட்டைத்தான் பார்க்கிறேன்.

போய் வந்ததும் உடனே எழுதுங்கள்.

கம்பி


மருத்துவமனை
மார்ச் 5

தம்பி,

உட்கார். இது நீளமான கடிதம்.

போய்விட்டு வந்தேன். சண்டை போடவில்லை. போட முடியவில்லை என்பதுதான் சரி. காலையில் ஒரு தையல்காரருக்கு ஆபரேஷன். மீசைக்காரருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவசரம் என்பதே அவரிடம் இல்லை. பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலக் கொக்கியைத் தூக்கினார். என்னைவிட மெதுவாக இழுத்தார். முழங்காலுக்குக் கீழே கிழிந்தது. தைத்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பற்றி என்ன நினைத்து வந்தேனோ அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மத்தியானம் இன்னொரு ஆபரேஷன். அங்கே இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் பழைய மாணவி இழுத்தாள். சுத்தமாக வந்தது, ஒரு கீறல் இல்லை. மீசைக்காரர் அவளைக் கேட்டார்.

"ஏம்மா, நீ இடது கைக்காரியா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு இடது கையில இழுக்கறே?"

"மேடம் அப்படித்தானே இழுப்பாங்க. கத்துக்கும்போதே எங்களுக்கு அந்தக் கைதான் பழக்கம்."

நான் அப்படிச் சொல்லிக் கொடுத்ததே கிடையாது, தம்பி. நான் இடது கைக்காரி, அதனால் இடது கையில் இழுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து எழுதுவதை மட்டும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். கத்தியைப் பிடிக்கக் கற்றபோது என்னை அடிக்க யாரும் இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் வலது கைக்காரர்கள். அத்தனை பேரும், அதுதான் மேடத்தின் முறை போலிருக்கிறது என்று நினைத்து, வராத கையில் பழகிக் கற்றிருக்கிறார்கள். நான் எதிரே நின்று தினமும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சரியாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் என் கையும் அதுதான்.

இழுத்துப் பார், உனக்கே விளங்கும். இடது மணிக்கட்டு தன்னால் இடப்பக்கம் உருளும். வலது மணிக்கட்டு வலப்பக்கம் உருளும். அப்போது நம் விளிம்பு எந்தப் பக்கம் போகும், கூர் எந்தப் பக்கம் வரும்? கூர் நேராகச் சுவரில் போய் நிற்கும். இதைத்தான் அந்த மனிதர் ஒரு வருஷமாக, கொஞ்சமும் அவசரப்படாமல், செய்துகொண்டிருந்தார்.

உடனே உன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நீ பூட்டைத் திறக்கறதே இடது கையிலதானே. எனக்கு அப்பவே தெரியும்" என்றார். சொல்வதற்கென்ன என்று கேட்டால், "யாரும் கேக்கலையே" என்கிறார். ஊர் ரகசியத்தை எல்லாம் சொல்கிற மனிதர் இதை மட்டும் வயிற்றில் வைத்திருந்திருக்கிறார்.

திரும்பும் முன் டிரைவரைப் பார்க்கப் போனேன். செயற்கைப் பாதம் போட்டு, இரண்டு கம்பிகளைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். "இனிமே வேற யாருக்கும் இப்படி ஆகாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். ஆகாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அங்கிருந்தே இரண்டு மருத்துவமனைகளிலும் கொக்கியை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் விளிம்பு வைத்து, எந்தக் கைக்கும் ஆகிற மாதிரி உன்னால் செய்ய முடியுமா? குழு கூட அதிக நாள் இல்லை.

அண்ணி


பட்டறை
மார்ச் 12

அண்ணி,

இரண்டு பக்கமும் விளிம்பு வைத்துப் பார்த்தேன். தலை பருத்துவிடுகிறது. மெல்லிய குழாயில் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் குழாயே கூட வந்துவிடும். அது ஆகாது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். முதன்முதலில் நான் இரண்டு மாதிரி செய்து கொண்டுவந்தேன். விளிம்பு ஒன்றில் இந்தப் பக்கம், மற்றதில் அந்தப் பக்கம். நீங்கள் இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது உதவாது கம்பி, தூக்கிப் போடு" என்று ஒன்றைத் தள்ளிவிட்டீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. உங்கள் கை வேண்டாம் என்றால் அது எனக்கு வேதவாக்கு. ஊருக்கெல்லாம் ஆகிற கொக்கியை அன்றைக்கே நாம் இரண்டு பேரும் சேர்ந்து குப்பையில் போட்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். என் கம்பி மேல் பழி இல்லை என்ற நிம்மதி. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. விளிம்பை வைத்தவன் நான்தானே.

அதனால் அச்சைத் திருப்பிப் போட்டு, வலது கைக்கு என்று புதிதாகச் செய்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கும் பழையது இருக்கட்டும். பிடியில் நிறம் மாற்றிவிடலாம். வலது கைக்கு நீலம், இடது கைக்குச் சிவப்பு. என்ன சொல்கிறீர்கள்?

கம்பி


மருத்துவமனை
மார்ச் 16

தம்பி,

இரண்டு நிறம் வேண்டாம்.

தியேட்டரில் கண் எங்கே இருக்கும் என்று உனக்குச் சொல்கிறேன். காயத்தில் இருக்கும். கையை நீட்டுவோம், நர்ஸ் வைப்பாள், பார்க்காமலே வாங்குவோம். ஒரே தட்டில் இரண்டு வகை இருந்தால் என்றைக்காவது ஒன்று மாறி வரும். அன்றைக்கு இன்னொரு டிரைவர். நீலம், சிவப்பு எல்லாம் மேஜையில் உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்குத்தான் அழகாகத் தெரியும்.

ஒரே வகைதான் இருக்க வேண்டும். உலகத்தில் வலது கைக்காரர்கள்தான் அதிகம், அதனால் அவர்களுடையது இருக்கட்டும். பழையதில் ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. வெளியே கொடுத்ததை எல்லாம் வரவழைத்துவிட்டேன். இங்கே இருப்பதையும் சேர்த்து நாளைக்கு அனுப்புகிறேன். உருக்கிவிடு.

நான் என்ன செய்வேன் என்று கேட்பாய். இந்த வயதில் வலது கையில் பழகுகிறேன் என்று கிளம்பினால் நோயாளிதான் பாவம். கொக்கி வருவதற்கு முன்னால் செய்த மாதிரி, காலை நீளமாகத் திறந்து, ஒவ்வொரு கதவாகப் பார்த்து வெட்டுவேன். நேரம் ஆகும், தையல் நீளும், நோயாளிக்கு வலியும் கூடும். அதனால் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகளிடம் விட்டுவிடப்போகிறேன். ஓய்வு ஆகஸ்டில் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது.

எனக்குக் கொடுக்க மனசே இல்லை, தம்பி. பயிற்சிக்கு வைத்திருந்த கொக்கியை இன்று பூராவும் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தேன். வார்டில் ஒரு அம்மா, "என்ன டாக்டர், ஏதோ மாதிரி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டாள். அதையும் பெட்டியில் போட்டாயிற்று.

அண்ணி


பட்டறை
மார்ச் 23

அண்ணி,

பெட்டி வந்தது. நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் உங்கள் ஓர்ப்படி, "ஒண்ணே ஒண்ணு அக்காவுக்கு ஞாபகத்துக்கு இருக்கட்டுமே" என்றாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. நீங்கள் ஒன்றுகூடக் கூடாது என்று எழுதியிருந்ததால் வைக்கவில்லை. வேலை முடிந்ததும் பட்டறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்குமேல் அன்றைக்கு எதிலும் கை போகவில்லை.

புதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக உங்கள் கையை நினைத்தே தேய்த்துப் பழகியவன். இதைத் தலைகீழாக யோசித்துத் தேய்த்தேன். அச்சைத் திருப்பியது சரி, ஆனால் கடைசி மெருகு என் விரல் கொடுப்பது. எங்கேயாவது பழக்கதோஷத்தில், எனக்கே தெரியாமல், மறுபடியும் உங்கள் கைக்கே செய்து வைத்திருப்பேனோ என்று தூக்கம் வரவில்லை.

மீசைக்காரர் இழுத்துப் பார்க்கட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் நீங்களும் இழுக்க வேண்டும். நீங்கள் இழுத்துப் பார்க்காமல் என் பட்டறையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. நீங்கள் சொன்னால்தான் மற்ற இடங்களுக்கு அனுப்புவேன்.

கம்பி


மருத்துவமனை
ஏப்ரல் 2

தம்பி,

குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். விளிம்பு என் கைக்கு வைத்தது என்றும், அதைக் கவனிக்காமல் ஊருக்குக் கொடுத்தது நான் என்றும், பட்டறை வேலையில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதை எழுத்திலும் பதியச் சொன்னேன். ஒரு பெரியவர், "இவ்வளவு நாள் யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார். கவனித்தவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை என்றேன். சிரித்தார்கள். பயிற்சியில் தேறினால் புதியதைத் தொடரலாம் என்று முடிவாகியிருக்கிறது.

நேற்று லேபில் பயிற்சி. வேரிகோஸ் ஆபரேஷனில் எடுத்த சிரைகளைச் சேர்த்து வைத்திருந்தோம். மீசைக்காரர் இதற்காகவே கிளம்பி வந்திருந்தார். வலது கையில் இழுத்தார், ஒரு கீறல் இல்லை. இன்னொன்று இழுத்தார். அதுவும் அப்படியே. குழாயைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தோம், கதவுகள் மட்டும் போயிருந்தன. மனிதர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருஷமாக அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் பிள்ளைகள்தான் திண்டாடுகிறார்கள். கையில் கொக்கியை வாங்கியதும் எல்லோருக்கும் தன்னால் இடது கை நீள்கிறது. "உங்க கையிலேயே இழுங்கடா, என் கையில இழுக்காதீங்க" என்று நாள் முழுக்கக் கத்தினேன். சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது.

எல்லோரும் முடித்த பிறகு, நீ கேட்டபடி நானும் இழுத்தேன். மூன்று சிரை எடுத்து வைத்துக்கொண்டேன். எப்போதும் இழுக்கிற மாதிரிதான், இடது கையில், நிதானமாக. முதலாவது கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மீசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்க மேடம், களைச்சுப் போயிருப்பீங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அவர் பாவம் எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் மூன்றாவதையும் எடுத்து இழுத்தேன்.

அதுவும் கிழிந்தது, தம்பி. நீ எதையும் மறந்து என் கைக்குச் செய்யவில்லை. எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடு.

அண்ணி